கசடு ஏறாத தொட்டி

திண்டுக்கல்லை ஒட்டிய மில் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குக் கருப்பணன்தான் மேஸ்திரி. தொட்டியில் சேரும் கசடை அள்ளி, மணல் பாத்தியில் பரப்பிக் காயவைப்பது பொம்மையன் வேலை. விஷவாயு வெளியேறும்வரை பொறுக்காமல், "ஏலே, செத்த நேர வேலைதான், இறங்கு" என்று கருப்பணன் விரட்டினான். இறங்கிய பொம்மையன் உள்ளேயே செத்துப்போனான்.

அதன்பின் அள்ள ஆளில்லை. ஆனாலும் கசடு குறைந்துகொண்டே வந்தது. "நுண்ணுயிரே தின்னுருதுய்யா!" என்று இன்ஜினியர் மகிழ்ந்தார். தினமும் காலையில் பாத்தியில் ஈரக்கசடு பரப்பியிருந்ததை அவர் பார்க்கவில்லை. கருப்பணன் பார்த்தான்.

மனசு உறுத்த, பொம்மையன் மனைவி சிவனம்மாளுக்கே அந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். முதல் நாள் காலையில் அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இனிமே நான் பாத்துக்கிறேன். நீங்க ஏறி வாங்க" என்றாள்.

இரும்பு ஏணியின் படிகள், கீழிருந்து ஒவ்வொன்றாக, ஈரமாகிக்கொண்டு வந்தன.