நாற்பது பக்கக் காடு

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. பகடைகளுக்கு நடுவே வில்லோடு நிற்கும் கட்டைவிரல் உயரப் பொம்மைதான் ரேஞ்சர், காட்டு வழிகள் அறிந்த வீரர். பகடை உருட்டிக் கதையாக ஆடும் இந்த விளையாட்டைத் தங்கை தானே உருவாக்கியிருக்கிறாள். இன்றுதான் முதல் சோதனை ஆட்டம். கதை சொல்வது அண்ணன், ரேஞ்சராக ஆடுவது அண்ணி. ஆறு மாதமாகத் தங்கை எழுதிய நாற்பது பக்கக் காடு அண்ணன் கையில் இருக்கிறது. அவன் விரலில் எச்சில் தொட்டு, நாற்பதையும் ஒரே கொத்தாகப் புரட்டுகிறான். “காட்டைத் தாண்டியாச்சு. கோட்டை வாசல் வந்தாச்சு.” பகடைக்காக நீண்ட அண்ணியின் கை அந்தரத்தில் நிற்கிறது. “அவ்ளோதானா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?”

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “அறிவிருக்கா உனக்கு? நாப்பது பக்கம்ணா! ஒரு இலைகூட அசையலை, அதுக்குள்ள கோட்டையா?” மேசையில் அவள் அறைந்த அறையில் பொம்மை குப்புற விழுகிறது. அண்ணன் அசரவில்லை. ஆட்ட விதிகள் எழுதிய பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். “என்மேல ஏன் பாயுற? படி.” அவள் கையெழுத்துதான். சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாள்: ரேஞ்சர் காட்டில் ஒருபோதும் வழி தவறமாட்டார். “வழி தவறவே தவறாதுன்னா அங்க நான் எதைச் சொல்ல? மரத்தை எண்ணட்டுமா?” தங்கை தாளைப் பிடுங்கி மேசையில் வைக்கிறாள்; ஆத்திரம் பேனாவில் இறங்குகிறது. அந்த வரியை அவள் அடிக்கிற வேகத்தில் தாள் கிழிந்து மேசையில் கீறல் விழுகிறது. அண்ணி பொம்மையை நிமிர்த்திவைத்து மெல்லக் கேட்கிறாள்: “இப்ப நான் எங்க இருக்கேன்?” தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு பகடையை அவள் பக்கம் தள்ளுகிறாள். “காட்டுல. வழி தெரியலை. உருட்டுங்க அண்ணி.”