கஸ்தூரியின் தவளை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இனி வரப்போகும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்; கேட்டால் நெஞ்சு நிமிரும்.

புளியந்தோப்பில் கஸ்தூரி என்று ஒருத்தி. கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடுவதுதான் அவள் வேலை. மெல்லிய பாட்டு ஒலிக்க, திரையில் பச்சைத் தவளை ஒன்று படிக்குப் படி தாவும், கல்லைத் தள்ளி வழி திறக்கும். அது தாவத் தாவ, தெருவுக்கு அடியில் பாதாளச் சாக்கடைக்குள் ஒரு சின்ன இயந்திரமும் தாவும், அடைப்பை எடுக்கும்.

அன்றைக்கு நல்ல மழை. மேல்படி எட்டாமல் தவளை மாட்டிக்கொண்டது. சாக்கடை வேலையைப் பார்க்கும் மேஸ்திரி போனில் பதறினார்.

"அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது. பழையபடி குழிக்குள்ள ஆளை இறக்கவா?"

அவள் புருஷன் ஏசுபாதம் ஒருகாலத்தில் விஷவாயு அடைத்த அந்தக் குழிகளில் இறங்கியவன். இறங்குமுன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவளிடம் கொடுப்பது வழக்கம். இப்போதும் கழற்றி நீட்டினான்.

"நான் போறேன். நீ தவளையக் கொஞ்சிக்கிட்டு இரு."

"உக்காருய்யா! இந்த ஆட்டத்துல அவசரமும் கெடையாது, சாவும் கெடையாது."

கஸ்தூரி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். குழாய்க்குள் ஏறிய தண்ணீரே தவளையை மிதக்கவைத்து மேல்படியில் சேர்த்தது. ஒரே தள்ளு, கல் உருண்டது. வெளியே தெருத்தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

ஏசுபாதம் வாசலுக்கு ஓடினான். "பாத்துக்கங்கப்பா, என் பொண்டாட்டி எடுத்த அடைப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

கஸ்தூரி பின்னாலேயே வந்து சிலுவையை அவன் கழுத்தில் மாட்டினாள்.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும் பொழுதுசாய முழு மூச்சோடு திரும்பி வரட்டும், கண்ணுகளா.