பதினான்கு நொடி வீடியோ

வீட்டுப் படங்களைப் பத்திரப்படுத்தப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கினான் பூவராகன். அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்பதிலேயே எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒன்றைப் போடுவான், மனைவி தெய்வானை பேசும் பதினான்கு நொடி வீடியோவை அதில் ஏற்றுவான், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, வீடியோ ஓடுகிறதா என்று பார்ப்பான். ஓடும். ஆனாலும் இதைவிட இன்னொன்று நல்லது என்று இணையத்தில் யாராவது எழுதியிருப்பார்கள். இருப்பதை அழித்துவிட்டு அதைப் போடுவான். பதினோராவது சிஸ்டம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை, தெய்வானையின் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. போனைத் துடைத்து, ஈரம் போக அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு வந்தவள், “உங்க பெட்டியில என்னதான் இருக்கு, காட்டுங்க” என்றாள். இருந்தது ஒன்றே ஒன்று. தயங்கித் தயங்கி அதை ஓடவிட்டான். திரையில் அவள் கரண்டியும் கையுமாக நின்றாள்: “எதுல வச்சா என்னங்க? மொதல்ல எடுத்து வைங்க.” தெய்வானைக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இன்னொரு தடவ போடுங்க” என்றாள். மூன்றாம் தடவை ஓடிக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் அரிசிக்குள்ளிருந்து போன் அடித்தது. பூவராகன் கேபிளும் கையுமாக ஓடினான்.