சனிக்கிழமைக் கைப்பேச்சு

விரல் மறுபடியும் தாடையைத் தொட்டது.

அண்ணி சமையலறைத் திரைச்சீலையின் இடுக்கில் கண்ணை இன்னும் நெருக்கி வைத்தாள்.

தாடை என்றால் அவள்தான். அவளுக்குத் தாடையில் மச்சம். காது கேட்காத, வாய் பேசாத நாத்தனார் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான்.

கூடத்தில் நாத்தனாரும் அந்தக் கல்லூரிப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சிரிப்பு வேறு. நாத்தனார் இடுப்பில் கையை வைத்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டிக் காட்டினாள். அண்ணி புருஷனைத் திட்டும்போது நிற்கிற நிலை அது, அச்சு அசலாக.

அடிப் பாவி! என்னை வைத்தா இத்தனை கூத்து?

அந்தப் பெண் கல்லூரியில் சைகை மொழி படிக்கிறாளாம். படித்ததை நாலு பேருக்கு உதவுகிற மாதிரி பயன்படுத்தினால் அதற்குத் தனி மார்க்காம். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். காசு வேண்டாம், காபி வேண்டாம் என்கிறாள். ஒன்றுமே வேண்டாம் என்கிறவளிடம்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது அண்ணியின் கட்சி.

“அக்கா, நீங்களும் வந்து உக்காருங்களேன், சைகை சீக்கிரம் வந்துடும்” என்று அந்தப் பெண் முதல் நாளே கூப்பிட்டுப் பார்த்தாள்.

“எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? அடுப்புல வேலை கிடக்கு.”

சொல்லிவிட்டு உள்ளே வந்தவள்தான். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் இந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். அடுப்பில் ஒரு வேலையும் கிடையாது.

அண்ணி இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, நாத்தனாரோடு பேச ஐந்தாறு சைகையே போதுமானதாக இருந்தது. சாப்பிடு, வா, விளக்கைப் போடு, துணியை எடு, தூங்கு. சின்ன வயதில் அவள் காது கேளாதோர் பள்ளியில் படித்தாள் என்பார்கள். என்ன படித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்றுதான் அண்ணியும் நினைத்திருந்தாள்.

இப்போது பார்த்தால், ஊரையே விலைபேசுகிற பேச்சு. அதில் பாதி தாடை.

என்னத்தை வத்தி வைக்கிறாளோ!

பக்கத்து வீட்டுக்காரி வேறு எண்ணெய் ஊற்றியிருந்தாள். இப்படித்தான் எங்கேயோ ஒரு வீட்டுக்குச் சேவை என்று வந்து பழகி, ஹாஸ்டல், வேலை என்று ஆசை காட்டி, அந்த வீட்டுப் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணிக்கு ஒரே பயம். கூடமாட வேலை செய்ய ஆள் இல்லாமல் போகுமே என்ற பயமா, நாத்தனாரே இல்லாமல் போய்விடுவாளே என்ற பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் ‘பஸ்’ என்று ஒரு சைகை சிக்கியது. பின்னாலேயே ‘நாளைக்கு’. பஸ் ஏறி எங்கே போகத் திட்டம்?

வேவு பார்க்கவும் படிப்பு வேண்டியிருந்தது. புதுச் சைகை வரும்போது மட்டும் அந்தப் பெண் அதன் அர்த்தத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள்; அண்ணி அதைப் பிடித்துக்கொள்வாள். திரைக்குப் பின்னால் பார்த்ததையெல்லாம் குளியலறைக் கண்ணாடி முன்னால் செய்து பார்த்துப் பழகினாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட விரல்கள் தானாக ஆடின. “கை ஏதும் மரத்துப்போகுதா? டாக்டர்கிட்ட போலாமா?” என்று இன்று காலை புருஷன் கேட்டே விட்டான்.

கொஞ்ச நாளாக இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் பறந்துகொண்டிருந்த கைகள் இப்போது நிறுத்தி நிதானமாக அசைகின்றன. ஒரே சைகையை இரண்டு தரம் செய்கிறார்கள். கூடத்தில் அத்தனை இடம் இருக்க, நாத்தனார் சமையலறையைப் பார்த்தே உட்காருகிறாள். காவல் காக்கிறாளாக்கும்.

இன்று ஒரு முடிவோடுதான் நின்றாள். ஒரே ஒரு பேச்சு முழுசாகச் சிக்கட்டும். அதில் ‘கிளம்பு’ என்றோ ‘போகலாம்’ என்றோ இருந்தால், நேரே கூடத்துக்குப் போய், இன்றோடு சரி, இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று சொல்லிவிடுவது.

கல்லூரிப் பெண் எதையோ கேட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பப் போனாள். நாத்தனார் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

மாட்டிக்கொண்டார்கள்! அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனாரின் கைகள் எழுந்தன. ஒவ்வொரு சைகையாக, அவசரமே இல்லாமல்.

திரும்பாதே.

புரிந்தது.

கூப்பிட்டால் வரமாட்டாள்.

அதுவும் புரிந்தது.

பிறகு விரல் தாடைக்குப் போனது.

அண்ணி படித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் மெதுவாகப் பேசு. இந்த வீட்டில் எனக்குப் பேச அவள்தான் இருக்கிறாள்.

ஒரு சைகைகூட விட்டுப்போகவில்லை. முதல் தடவையாக நாத்தனார் பேசியது அத்தனையும் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஓடிப் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போகவில்லை. போனால் பாடம் பாதியில் நின்றுவிடும்.