சம்பளமில்லாத காவற்காரன்

முத்துக்குமாருவின் புகையிலைத் தோட்டத்துக்கு அருகில்தான் கோயில் குளம். அதன் மீன் குத்தகை இளையதம்பிக்கு. விராலும் கெளிறும் கொழுத்துக் கிடந்தன.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கில் சுருட்டுக் கடைகள் எரிந்ததோடு புகையிலை விலை விழுந்துவிட்டது. அந்தக் குத்தகையும் கைக்கு வந்தால்தான் முத்துக்குமாருவின் மூத்த மகளின் கலியாணம் ஒப்பேறும். மீன் செத்தால் இளையதம்பி குத்தகையை விட்டுவிடுவான்.

வழியை மருந்துக் கடைக்காரரே காட்டினார்.

"நெல்லுக்குள்ள நிக்கிற அகல இலைக் களையளைக் கருக்கிற மருந்து. குளத்துப் பக்கம் கொண்டுபோகாதையுங்கோ, மீன் செத்துப்போம்."

முத்துக்குமாரு இரண்டு போத்தல் வாங்கினார். அன்று மாலை இரண்டையும் குளத்துக்கு ஓடும் வாய்க்காலில் கவிழ்த்தார்.

செத்த மீனைப் பார்க்கப் போக ஒரு சாட்டு வேண்டுமே. புகையிலைக் கன்றுக்குக் குளத்துச் சேறு இடுவது ஊர் வழக்கம். மறுநாள் மண்வெட்டியும் பனையோலைக் கடகமுமாகப் போனார். மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"வாய்க்கால் வாயில அள்ளுங்கோ, அண்ணை," என்றான் இளையதம்பி. "நாணலுக்குள்ள கிடக்கிறதுதான் கொழுத்த சேறு. வாய்க்கால் கொண்டுவாற உரம், ஊத்தை எல்லாம் அதுக்குள்ளதான் நிக்கும். நாணல் தண்ணியை மெதுவாக்கும். ஊத்தை அடியில படிஞ்சு சேத்தில ஒட்டிக்கொள்ளும். தெளிஞ்ச தண்ணிதான் மீனுக்குப் போகும். உது நிக்கிறபடியால்தான் என்ரை குத்தகையும் நிக்குது. சம்பளமில்லாத காவற்காரன்."

"உனக்கு நாணலையே கலியாணம் கட்டி வைச்சிருக்கலாம், தம்பி."

மருந்து வேலை செய்யச் சில நாள் செல்லும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முத்துக்குமாரு நாணல் சேற்றைக் கடகம் கடகமாக அள்ளிக் கன்றுகளுக்கு இட்டார். மீன் சாகும்போது ஊரில் இல்லாதிருப்பது நல்லது. இணுவிலில் மச்சான் வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நின்றார்.

திரும்பி வந்து படலையைத் திறக்குமுன் இளையதம்பி ஓடி வந்தான். பின்னால் ஊர் அதிகாரியான விதானையார்.

"அண்ணை, ஆரோ நஞ்சு போட்டிட்டாங்கள்."

முத்துக்குமாரு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

"ஐயோ தம்பி, அவ்வளவு மீனும் செத்துப்போச்சோ?"

விதானையார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் துள்ளுது. கருகிக் கிடக்கிறது உம்மடை புகையிலை."