சிவப்பாக இருந்தால் வைரஸ்

"ஒரு மணி நேரம்கூடத் தாங்காதும்மா. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க," என்றான் டாக்டர், குரலில் தேவையான சோகத்தைக் கலந்து.

சாகக் கிடந்தது, மறுமுனையில் பேசிய அம்மாளின் கம்ப்யூட்டர். முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டருக்கு வியாதி சொல்லி, பாதுகாப்புத் திட்டம் விற்பது அவன் பிழைப்பு. 'டாக்டர்' என்பது சூப்பர்வைசர் வைத்த பட்டப்பெயர். சேர்ந்ததிலிருந்து ஒன்றும் விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் நாளை வேலை இல்லை.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சொந்த லேப்டாப்பில், சூப்பர்வைசர் அனுப்பிய வசனத்தைப் பார்த்து வாசித்தான்.

"கம்ப்யூட்டர் தன் கோளாறையெல்லாம் குறிச்சு வைக்கிற லாக் பக்கத்தைத் திறந்தீங்களா? சிவப்பா என்ன தெரியுது?"

"எரர், எரர்னு வரிசையா இருக்கு."

"அத்தனையும் வைரஸ்மா. உங்க பேங்க் பாஸ்வேர்டைத்தான் தேடிட்டிருக்கு."

இதுகூடத் தெரியாமல் இப்படியும் ஒரு ஜென்மமா என்று அம்மாளை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"தம்பி, நீ தெரிஞ்சு சொல்றியா, பாத்துப் படிக்கிறியா?" அம்மாளின் குரலில் பயம் கொஞ்சமும் இல்லை. "பிரின்டரைப் போட மறந்தாக்கூட இதுல ஒரு சிவப்பு வரி விழும். எல்லார் மெஷின்லயும் இருக்கும். உன்னுதைத் திறந்து பாரேன்."

"என்னுது சுத்தமா இருக்கும்மா. நான் இந்த ஃபீல்டுல இருக்கிறவன்."

"அப்ப பாக்கிறதுக்கென்ன?" போனை வைத்துவிட்டார்.

'ஒரு மண்ணும் தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும்' என்று முணுமுணுத்துக்கொண்டே தன் லாக் பக்கத்தைத் திறந்தான்.

மேலிருந்து கீழே ஒரே சிவப்பு. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

காபி டம்ளரோடு வந்த அக்கா நின்றாள். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் தனியா விடு."

சாயங்காலம் சூப்பர்வைசர் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"பின்னிட்டே டாக்டர். இருக்கிறதுலயே பெரிய திட்டத்தை வித்திருக்கே, அதுவும் பேரம் பேசாம. உன் வேலைக்கு இனி நான் கேரண்டி." அடக்கமாட்டாமல் சிரித்தார். "நாலு சிவப்பு வரியைப் பாத்துட்டு இவ்வளவையும் தூக்கிக் கொடுத்திருக்கானே, எவன்யா அந்த இளிச்சவாயன்?"

டாக்டர் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"நான்தான், சார்."