சுருட்டையின் சத்தம்

யாரும் வரவில்லையே என்று கதவுப் பக்கம் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தவன் பையின் ஜிப்பை அவன் திறந்தான். உள்ளேயிருந்து எதையும் எடுக்கவில்லை. போனை நீட்டி ஒரே ஒரு படம் எடுத்தான், ஜிப்பை மூடினான், வெளியே வந்து மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

படத்தில் இருந்தவை வயரால் வரிசையாகக் கோத்த மூன்று கிடார் பெடல்கள். காலால் மிதித்தால் கிடாரின் சத்தத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டிகள். பை சுருட்டையுடையது, அன்று அதே அரங்கில் வாசிக்க வந்திருந்த இன்னொரு குழுவின் கிடார்க்காரன். சுருட்டை கம்பியைத் தொட்டால் போதும், டீ குடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிடுவார்கள்.

நம் ஆள் கதை வேறு. பலகையில் பதினொரு பெடல்களை அடுக்கி வைத்திருப்பதால் குழுவில் அவன் பெயரே பெட்டிக்கடை. சேர்ந்த புதிதில் கைக்கு வந்த பெடலை, வயர் எட்டின இடத்தில் செருகி வாசித்தவன்தான். அப்புறம் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் திருந்திவிட்டான். பெட்டி மேல் பெட்டியாகச் சேர்ந்தது, சத்தம்தான் சேரவில்லை.

போன வாரம் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"உன் கிடார் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. சனிக்கிழமை ஒத்திகை வரைக்கும் பாப்பேன். அப்புறம் சுருட்டையைக் கூப்பிட்டுருவேன், அவன்கிட்ட பேசி வச்சாச்சு."

ஆறு வருஷமாக வாசிக்கும் குழு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று பெட்டிக்கடைக்குத் தெரியவில்லை. அதனால்தான் அந்தப் படம்.

வீட்டில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். எதிரொலி தரும் பெடல் முதலில், கரகரப்புத் தரும் பெடல் அதற்குப் பின்னால். எந்த வீடியோவும் இப்படிச் சொல்லாது, எல்லாம் தலைகீழ். நல்லவேளை, அந்த மூன்றும் அவனிடமும் இருந்தன. மற்ற எட்டையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, படத்தில் உள்ளபடியே குமிழ்களைத் திருகி வைத்தான்.

சனிக்கிழமை முதல் பாட்டின் பாதியிலேயே டிரம்ஸ்காரர் குச்சியை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார். தலைவர் எழுந்தே வந்துவிட்டார். இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்கு, சும்மா தோன்றியது என்றான். சுருட்டை இனி வர வேண்டாம் என்று தலைவர் அங்கேயே போனில் சொன்னபோது பெட்டிக்கடைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சுருட்டையின் குழு கலையப் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். இந்த வேலையைத்தான் அவன் நம்பியிருந்தான். அவன் சத்தத்தைத் திருடி, அதை வைத்தே அவன் பிழைப்பிலும் மண்ணைப் போட்டாயிற்று. மூன்று நாள் பெட்டிக்கடைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னான். திட்டுவாள் என்று பார்த்தால், சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, போய் அவனிடமே சொல்லிவிட்டு வரச் சொன்னாள்.

சுருட்டை தன் அறையில் தரையில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். பெட்டிக்கடை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். தலைவரிடம் உண்மையைச் சொல்லி, வேலையை விட்டு விலகிக்கொள்வதாகவும் சொன்னான்.

சுருட்டை கோபப்படவில்லை, ஆனால் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது. முகம் கன்றிப்போயிருந்தது.

"கேக்கவே வெக்கமா இருக்கு," என்றான் பெட்டிக்கடை. "அந்தத் தலைகீழ் வரிசை உனக்கு எப்படிடா தோணுச்சு?"

"எனக்கெங்க தோணுச்சு? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட இருந்து சுட்டதுண்ணா அது."